அம்பாள் துப்பிய தாம்பூலமும் ராயல்டி கணக்கும்

திருமலைராயன்பட்டினத்துக்காரன் ஒருவன் கதை எழுதுகிறான் என்று தெரிந்தால், கொஞ்சம் தமிழ் வாசித்தவர்கள் முதலில் சொல்வது, “அட, காளமேகம் வந்த ஊராச்சே!” என்பதுதான். ஊர்க்காரர்கள் கேட்பது வேறு மாதிரி. “இதுக்கெல்லாம் எவ்வளவு தருவாங்க தம்பி?” “எப்படித்தான் தோணுது உனக்கு?” “அந்தக் கதையில வர்ற பொம்பள நம்ம தெரு ஆளுதானே, உண்மையச் சொல்லு.” பகலில் நான் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறவன். கதை எழுதுவது ராத்திரியில். இந்த இரண்டில் எது வேலை, எது விளையாட்டு என்பதில் ஊருக்கு ஒரு சந்தேகமும் கிடையாது.

யாரும் கெட்ட எண்ணத்தில் கேட்பதில்லை. ஆனால் இத்தனை கேள்விகளுக்கும் வேர் ஒன்றுதான். எழுத்து தானாக வருகிறது, வரம் இருப்பவனுக்குக் கொட்டும், இல்லாதவனுக்குக் கொட்டாது என்ற நம்பிக்கை. தானாக வருகிற ஒன்றுக்கு நேரம் எதற்கு, கூலி எதற்கு? அந்த நம்பிக்கைக்குக் கோயில் கட்டினால் எங்கள் ஊரில்தான் கட்ட வேண்டும். அதனால் இங்கிருந்தே தொடங்குகிறேன்.

தூங்கியவருக்குக் கிடைத்த வரம்

கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். ஸ்ரீரங்கம் கோயில் மடைப்பள்ளியில் வேலை பார்த்த வரதன், திருவானைக்காவில் நாட்டியமாடும் மோகனாங்கியைத் தேடிப் போகிறார். காத்திருந்து காத்திருந்து கோயிலுக்குள்ளேயே தூங்கிவிடுகிறார். அதே இடத்தில் இன்னொருவர் கவித்திறம் வேண்டி அகிலாண்டேஸ்வரியை நோக்கி நெடுநாளாகத் தவம் கிடக்கிறார். அம்பாள் வாய் நிறையத் தாம்பூலத்தோடு வந்து அவரை வாயைத் திற என்கிறாள். யாரோ ஒரு பெண் எச்சில் துப்பப் பார்க்கிறாள் என்று அவர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அரைத் தூக்கத்தில் இருந்த வரதன் திறக்கிறார். அன்றிலிருந்து அவர் காளமேகம்.

தவம் இருந்தவருக்கு ஒன்றும் இல்லை, தூங்கியவருக்கு எல்லாம் கிடைத்தது. எழுத்துக்காரர்களைப் பற்றி நம் ஊரில் இருக்கிற அத்தனை தப்பெண்ணமும் இந்த ஒரு கதைக்குள் அடக்கம். இதை நான் சின்ன வயதில் கேட்டபோது வரதனுக்காகச் சந்தோஷப்பட்டேன். இப்போது அந்தப் பெயர் தெரியாத தவசியை நினைத்துத்தான் வயிறு எரிகிறது.

கதையின் பிற்பாதி எங்கள் ஊரில் நடக்கிறது. 15ஆம் நூற்றாண்டு, திருமலைராயன் அரசவை. அதிமதுர கவிராயரும் அவரோடு அறுபத்து நான்கு தண்டிகைப் புலவர்களும் கோலோச்சுகிறார்கள். வந்தவருக்கு உட்கார இருக்கைகூடக் கொடுக்கவில்லை. போட்டி எமகண்டம். கீழே கொதிக்கிற எண்ணெய்க் கொப்பரை, மேலே தொங்குகிற உறி, உடம்பில் கட்டிய கத்திகள். சுற்றி நின்று ஆளுக்கொரு குறிப்பைச் சொல்லச் சொல்ல, அந்தக் கணமே வெண்பா வர வேண்டும், தடுமாறினால் உயிர் போகும். காளமேகம் பாடிக் காட்டினார் என்கிறது கதை.

காளமேகத்தின் சிலேடைகள் பலருக்குத் தெரியும். பாம்புக்கும் எள்ளுக்கும், பாம்புக்கும் வாழைப்பழத்துக்கும் ஒரே வரியைப் பொருந்த வைத்தவர். ஒரு சொல்லுக்கு எத்தனை பொருள், அதை எங்கே பிரித்தால் வேறு சொல்லாகும் என்பதெல்லாம் மண்டைக்குள் அடுக்கிவைத்திருந்தால் ஒழிய இது நடக்காது. நிகண்டை மனப்பாடம் செய்த காலம் அது. சபையில் ஒரு நொடியில் வந்த வெண்பாவுக்குப் பின்னால் சபையில் யாரும் பார்க்காத எத்தனை வருடம் இருந்திருக்க வேண்டும்?

இன்னொன்று. காளமேகம் பெயரில் திருவானைக்கா உலா என்று ஒரு நூல் இருக்கிறது. உலா என்பது நின்ற இடத்தில் பாடுகிற சமாசாரம் இல்லை. பேதை முதல் பேரிளம்பெண் வரை ஏழு பருவத்துப் பெண்களையும் ஒவ்வொருவராக வேறு வேறு விதமாகக் காட்ட வேண்டும், நூற்றுக்கணக்கான கண்ணிகளில் எதுகை பிசகாமல் போக வேண்டும். உட்கார்ந்து செய்தே ஆக வேண்டிய வேலை. சிலேடையைச் சொல்லிச் சிரிக்கிற பத்துப் பேரில் ஒருவராவது உலாவைப் புரட்டியிருப்பாரா என்பது சந்தேகம். ஆச்சரியம்தான் நினைவில் நிற்கிறது, உழைப்பு நிற்பதில்லை.

பக்கத்துக் காரைக்காலுக்குப் போனாலும் இதே கதைதான். ஆனி மாதம் மாங்கனித் திருவிழாவுக்குத் தெருவே மாம்பழமாக இருக்கும். புனிதவதிக்கு இறைவன் மாங்கனி கொடுத்த அதிசயம் குழந்தைக்கும் தெரியும். காரைக்கால் அம்மையார் என்று நாம் சொல்கிற அந்த அம்மை 101 வெண்பாவில் அற்புதத் திருவந்தாதி எழுதியவர். ஒரு பாட்டின் முடிவைப் பிடித்து அடுத்த பாட்டைத் தொடங்கி, கடைசிப் பாட்டை முதல் பாட்டோடு கொண்டுபோய்ச் சேர்ப்பது அந்தாதி. முழு நூலையே இப்படிக் கட்டியவர்களில் தமிழில் அவர்தான் முன்னோடி என்பார்கள். மாம்பழம் வானத்திலிருந்து வந்திருக்கலாம். நூற்றியொரு முடிச்சையும் போட்டது அவர் கைதான்.

“மூடு வந்தாத்தான் எழுதுவீங்களோ?”

இதைக் கேட்பவர்கள் ஒரு படத்தை மனதில் வைத்திருக்கிறார்கள். எழுத்தாளன் கடற்கரையில் தாடியோடு உட்கார்ந்திருப்பான், அலையைப் பார்ப்பான், சட்டென்று எழுந்து ஓடிப்போய் எழுதுவான். எங்கள் பட்டினச்சேரி கடற்கரையில் அப்படி உட்கார்ந்தால், “வலையப் புடிங்க தம்பி” என்று வேலை கொடுத்துவிடுவார்கள்.

கல்கியை எடுத்துக்கொள்ளுங்கள். மாயவரத்துப் பக்கம் புத்தமங்கலத்துக்காரர். பொன்னியின் செல்வன் 1950 முதல் 1954 வரை கல்கி பத்திரிகையில் வாராவாரம் வந்தது. அவர் அந்தப் பத்திரிகையின் ஆசிரியரும்கூட, தலையங்கம் முதல் மற்றவர் எழுத்தைத் திருத்துவது வரை அவர் தலையில். நாலு வருடமும் வாரம் தவறாமல் மூடு வந்திருக்குமா? அச்சுக்குப் போகிற நாள்தான் வந்திருக்கும். தொடர் முடிந்த சில மாதங்களில், 1954 டிசம்பர் 5 அன்று காலமானார்.

“சொல்லச் சொல்லக் கொட்டும்” என்று பெயர் வாங்கியவர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. நாகப்பட்டினத்துக்கு நாகைக்காரோணப் புராணம் பாடிக் கொடுத்தவர். ஏட்டில் எழுதுகிற மாணவர் கை வலித்து நிறுத்தினால்தான் உண்டு, அவர் வாய் நிற்காதாம். ஆனால் உ.வே.சாமிநாதையர் எழுதிய அவர் வரலாற்றில் இன்னொரு பகுதி வருகிறது. இளவயதில் அவருக்குத் தண்டியலங்காரம் படிக்க வேண்டியிருந்தது. அதைக் கற்றிருந்தவர் பிச்சையெடுத்துத் திரிந்த ஒரு பரதேசி. பிள்ளை அந்தப் பரதேசியின் பின்னாலேயே தெருத்தெருவாக அலைந்து பாடம் கேட்டிருக்கிறார். கொட்டுவதற்கு முன்னால் நிரப்பிய கதை இது. மேடையில் யாரும் இதைச் சொல்வதில்லை, கேட்கிறவருக்கும் சுவைப்பதில்லை.

சுவைப்பதில்லை என்பதற்கு இங்கிலாந்தில் ஒரு சாட்சி உண்டு. ஆண்டனி டிரோலப் தபால் இலாகா அதிகாரி. தெருவோரத் தபால் பெட்டி அங்கே வருவதற்குக் காரணமாக இருந்தவர். விடியற்காலை ஐந்தரைக்கு உட்கார்ந்து, எதிரில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு, கால் மணிக்கு 250 சொல் என்று எழுதிவிட்டு ஆபீசுக்குப் போவார். இப்படியே 47 நாவல். இறந்த பிறகு 1883இல் வெளிவந்த சுயசரிதையில் இதையெல்லாம் ஒளிக்காமல் எழுதியிருந்தார். அவர் பெயர் உயர்ந்திருக்க வேண்டும். மாறாக இறங்கிப்போனது. செருப்பு தைக்கிறவர் மாதிரி மணி பார்த்து எழுதினாராமே என்று ரசிகர்கள் முகம் சுளித்தார்கள். நாவல்களை விரும்பிப் படித்தவர்களுக்கே அவை செய்யப்பட்ட விதம் பிடிக்கவில்லை.

என் கதைக்கு வருகிறேன். சாப்பாடு முடிந்து, பாத்திரச் சத்தம் அடங்கி, பக்கத்து வீட்டு டிவி ஓய்ந்த பிறகு உட்கார்வேன். பெரும்பாலான ராத்திரிகளில் முந்தின நாள் எழுதியதை அடிப்பதுதான் வேலை. அடித்தது போக ஒரு பத்தி தேறினால் அன்று நல்ல ராத்திரி. “என்ன எழுதின?” என்று வீட்டில் கேட்டால், “ரெண்டு பக்கம் குறைச்சேன்” என்பேன். கணக்கில் இதை வரவு வைப்பதா செலவு வைப்பதா என்று எனக்கே தெரியாது.

“இதான் முழுநேரத் தொழிலா?”

தமிழ் நாவலின் தொடக்கமே ஒரு அரசாங்கச் சம்பளக்காரரிடம்தான் இருக்கிறது. 1879இல் வெளிவந்த பிரதாப முதலியார் சரித்திரத்தை எழுதிய வேதநாயகம் பிள்ளை, மாயவரத்தில் முன்சீப். பிறகு வந்த டெல்டாக்காரர்களைப் பாருங்கள். ந.பிச்சமூர்த்தி முதலில் வக்கீல், அப்புறம் கோயில் நிர்வாக அதிகாரி. தி.ஜானகிராமன் பள்ளிக்கூட வாத்தியார், அப்புறம் வானொலியில் கல்வி ஒலிபரப்பு. மௌனி நெல் அரைக்கும் மில் நடத்தினார், மொத்தமே 24 கதை எழுதினார். பக்கத்து நாகூர்க்காரர் ஆபிதீன் துபாயில் வேலை பார்த்துக்கொண்டே எழுதியவர். நாகூர் ரூமி ஆம்பூர் கல்லூரியில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்தவர்.

கும்பகோணத்து எம்.வி.வெங்கட்ராம் சரிகை வியாபாரி. பதினாறு வயதில் மணிக்கொடி பத்திரிகையில் கதை வந்துவிட்டது. வியாபாரம் நொடித்த பிறகு பதிப்பகத்துக்காக வாழ்க்கை வரலாறுகளை எழுதிக் குவித்தார். பிழைப்புக்கு எழுதிய கையாலேயே பின்னர் ‘காதுகள்’ நாவலையும் எழுதினார். அதற்கு 1993இல் சாகித்ய அகாதமி விருது கிடைத்தபோது அவருக்கு வயது எழுபதைத் தாண்டியிருந்தது.

கு.ப.ராஜகோபாலன் தாலுகா ஆபீஸ் குமாஸ்தா. கண்ணில் புரை விழுந்து வேலை போயிற்று. பார்வை மங்கிய நாட்களில் அவர் சொல்லச் சொல்லக் கதையை எழுதித் தந்தவர் தங்கை சேது அம்மாள். அவரும் நல்ல சிறுகதைக்காரர். கு.ப.ரா. 1944இல் நாற்பத்திரண்டு வயதில் போய்ச் சேர்ந்தார். எழுத்தாளர் பெயரைச் சொல்கிறோம், பேனாவைப் பிடித்த அந்தக் கையைப் பற்றி எத்தனை பேர் பேசுகிறோம்?

பெண்கள் விஷயத்தில் ‘முழுநேரமா, பகுதிநேரமா’ என்று கேட்பதே வேடிக்கை. நாகூர் சித்தி ஜுனைதா பேகம் மூன்றாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவர். 1938இல் ‘காதலா கடமையா?’ என்ற நாவலை வெளியிட்டார். உ.வே.சாமிநாதையர் அதைப் பாராட்டி எழுதியிருக்கிறார். அந்த வீட்டில், அந்தக் காலத்தில், ஒரு பக்கம் எழுத அவர் எந்த நேரத்தை எங்கிருந்து எடுத்திருப்பார் என்று யோசித்தால் நான் தூக்கம் வருகிறது என்று புலம்புவதை நிறுத்திக்கொள்வேன்.

வேறு வேலை பார்ப்பது எழுத்துக்குக் கேடு என்று நினைக்கிறவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கடையில் கணக்கு எழுதும்போதுதான் யார் யாருக்குக் கடன்பட்டிருக்கிறார்கள், யார் கேட்கக் கூச்சப்படுகிறார்கள் என்பதெல்லாம் தெரிகிறது. மேசையில் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தால் இது கிடைக்காது. என்ன, பகல் வேலை கதையைக் கொடுத்துவிட்டு அதை எழுதுகிற நேரத்தைப் பிடுங்கிக்கொள்ளும்.

“எவ்வளவு தருவாங்க?”

கணக்குக்காரனிடம் கேட்டுவிட்டீர்கள். சொல்கிறேன்.

ராயல்டி என்பது பொதுவாகப் புத்தக விலையில் 10 சதவீதம். விலை 200 ரூபாய் என்றால் எழுதியவருக்கு 20 ரூபாய். முந்நூறு பிரதி விற்றால் 6,000 ரூபாய். அந்தத் தொகுப்பில் இருக்கிற கதைகளை எழுத நாலைந்து வருடம் ஆகியிருக்கும். முன்பெல்லாம் ஒரு பதிப்பு என்றால் ஆயிரம், ஆயிரத்து இருநூறு பிரதி அச்சடிப்பார்கள். இப்போது தேவைக்கேற்ப நூறு நூறாக அடிக்கிற வசதி வந்துவிட்டது. சிறுபத்திரிகைகளில் பெரும்பாலும் சன்மானம் கிடையாது, நடத்துகிறவரே கைக்காசு போட்டு நடத்துகிறார். சாகித்ய அகாதமி விருதுத் தொகை ஒரு லட்சம். ஒரு மொழிக்கு வருடத்துக்கு ஒருவருக்கு. மிச்சப் பேருக்குச் சால்வை.

‘எழுத்து’ பத்திரிகை நடத்திய சி.சு.செல்லப்பா புத்தக மூட்டையைச் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றவர். அவருடைய ‘சுதந்திர தாகம்’ நாவலுக்கு அகாதமி விருது 2001இல் வந்தது. அவர் 1998லேயே இறந்துவிட்டார்.

“அப்போ எழுத்தாளன்னா ஏழைதானா, பாவம்” என்று உடனே உச்சுக் கொட்டுகிறார்கள் பாருங்கள், அதுவும் ஒரு தப்பெண்ணம்தான். சினிமாவிலும் தொலைக்காட்சியிலும் எழுதி நன்றாக வாழ்கிறவர்கள் உண்டு. உத்தியோகச் சம்பளத்தில் வசதியாக இருப்பவர்கள் நிறைய. வறுமை எழுத்தை உயர்த்தும் என்று சொல்கிறவர்கள் யாரும் வறுமையில் எழுதிப் பார்த்தவர்கள் இல்லை. வறுமை கு.ப.ரா.வின் ஆயுளைத்தான் குறைத்தது.

இந்தக் கண்ணால் காளமேகம் கதையைத் திரும்பப் படித்துப் பாருங்கள். வேலை தேடி ஒருவர் வெளியூரிலிருந்து வருகிறார். உட்கார வைக்கவில்லை. உயிருக்கு ஆபத்தான தேர்வு வைக்கிறார்கள். தேறிவிடுகிறார். அப்புறமும் உரிய மரியாதையோ பரிசோ கொடுக்காமல் அனுப்பப் பார்க்கிறார்கள். கோபத்தில் ஊர் மண்மாரியில் மூழ்கட்டும் என்று சபித்துவிட்டுப் போகிறார். நாம் தெய்வ வாக்கு என்று சொல்லிச் சிலிர்ப்பது, பார்க்கப் போனால் கூலி வராதவரின் வயிற்றெரிச்சல்.

“என்னப் பத்தி எழுதிடாதப்பா”

அந்தச் சாபத்தால் ஊருக்குள் இன்னும் ஒரு நம்பிக்கை மிச்சம். எழுதுகிறவன் வாயில் விழக் கூடாது. எனக்குத் தெரிந்த ஒரு மீன்கார அக்கா, “ஏந்தம்பி, வெலையக் கூட்டிச் சொன்னேன்னு கதையில போட்ருவியா?” என்று கேட்டுக்கொண்டே ஒரு மத்தியைக் கூடப் போடுவார். நாகூரிலிருந்து கடைக்கு வருகிற நானா ஒருத்தர் நேர் எதிர். “நம்மளப் பத்தி ஒண்ணு எழுதுங்களேன் தம்பி, நம்ம வாழ்க்கையே ஒரு நாவல்” என்பார். பத்து நிமிடம் சொல்லவும் சொல்வார். அதில் நான் எடுத்துக்கொள்வது அவர் வாழ்க்கையை அல்ல. பேசும்போது குடையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றுகிறாரே, அது எங்கேயோ ஒரு கதையில் வேறொருவர் கைக்குப் போய்விடும். கதையில் வருகிற ஆள் யார் என்று தேடுகிறவர்களுக்கு அதனால்தான் ஆள் அகப்படுவதில்லை. நாலு பேரிடமிருந்து எடுத்து, ஐந்தாவதாக இல்லாத ஒருவரைச் செய்கிறோம்.

கடலோர ஊரை மண் மூடுவதற்குச் சாபம் தேவையில்லை, காற்று போதும். நடப்பு வாழ்க்கையில் சாபம் எதிர்த்திசையில்தான் பாய்கிறது. பெருமாள்முருகன் 2010இல் வெளியிட்ட மாதொருபாகன் நாவலுக்கு நாலு வருடம் கழித்து எதிர்ப்பு கிளம்பியது. 2015 ஜனவரியில், எழுத்தாளன் பெருமாள்முருகன் இறந்துவிட்டான் என்று அவரே அறிவிக்கும் நிலை வந்தது. நாமக்கல் அரசுக் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர் சென்னைக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனார். 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்த பிறகுதான் மறுபடி எழுத வந்தார். ஊர் அங்கேயே இருந்தது. எழுதியவர்தான் ஊரை விட்டுப் போக வேண்டியிருந்தது.

“போன்ல கேட்டா எழுதிக் குடுக்குதே!”

புதுக் கேள்வி இது. கடைக்கு வருகிற இளவட்டங்கள் கேட்கிறார்கள். “அண்ணே, ரெண்டு வரி சொன்னா கதையே வந்துருது. நீங்க ஏன் கண்ணு முழிக்கிறீங்க?” பழைய தாம்பூலக் கதை புதுச் சட்டை போட்டு வந்திருக்கிறது, அவ்வளவுதான். பாடுபடாமல் கிடைப்பதுதான் பெரிது என்ற ஆசை நமக்குப் போகவே போகாது. எனக்கு அந்த ராத்திரி வேலை வேண்டியிருக்கிறது. ஒரு ஆளை ஏன் பிடிக்காமல் போயிற்று என்று எழுதி, அடித்து, எழுதி, அடித்து, நாலாவது முறை எழுதும்போது அவர்மேல் பரிவு வந்துவிடும். அது எனக்குள் நடக்கிற காரியம். வேறு யாரும் எனக்காக அதைச் செய்துதர முடியாது.

பிளஸ் டூ தம்பிக்கு

போன மாதம் ஒரு பையன், “எழுத்தாளர் ஆகணும்னா என்ன படிக்கணும்ணே?” என்று கேட்டான். கடையில் கூட்டம், சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. இங்கே சொல்கிறேன்.

எதை வேண்டுமானாலும் படி. கி.ராஜநாராயணன் பள்ளிப் படிப்பையே முடிக்காதவர். 1989இல் நம் புதுவைப் பல்கலைக்கழகம் அவரைப் பேராசிரியராக அழைத்துக்கொண்டது. அதற்காகப் படிப்பை நிறுத்திவிடாதே, அவர் கேட்டு வளர்ந்த கதைகள் உனக்குத் தெருவில் கிடைக்காது. சம்பளம் வருகிற வேலை ஒன்றைப் பிடி. சாயங்காலம் மூளையில் கொஞ்சம் மிச்சம் வைக்கிற வேலையாக இருந்தால் நல்லது. அம்பாள் வருவாள் என்று படுத்துக் கிடக்காதே, வந்தால் வாயைத் திறந்துகொள். தினமும் ஒரே நேரத்துக்கு உட்கார். எழுதியதை ஒரு வாரம் கழித்து எடுத்து நீயே திருத்து. “சும்மாதானே இருக்க, ஒரு வாழ்த்து மடல் எழுதிக் குடு” என்று வருகிறவர்களிடம் ஒரு தொகை சொல்லிப் பழகு, பாதிப் பேர் போய்விடுவார்கள், மீதிப் பேர் மதிப்பார்கள்.

அப்புறம், முதல் சம்பளம் வாங்கியதும் உனக்குப் பிடித்தவரின் புத்தகம் ஒன்றைக் காசு கொடுத்து வாங்கு. பிடிஎப் இருந்தால் அனுப்புங்கண்ணே என்று என்னிடம் கேட்காதே. எழுதினவருக்கு அந்த இருபது ரூபாய் போய்ச் சேரட்டும்.